குவில்ட் தையலில் நூல் முனைகளும் பிசிறும்: துணி வெட்டுவதிலிருந்து முதல் சலவை வரை

வெள்ளைத் துண்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட கருநீல நூல் ஒன்று. குவில்ட் எனும் மூன்றடுக்குப் போர்வையில், துண்டுத் துணிகளை இணைத்த மேல்தளம், நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்து முடித்த பிறகுதான் அது கண்ணில் படும். அதற்கு முன் எந்த நேரத்திலும் இரண்டு நொடியில் எடுத்துப் போட்டிருக்கலாம். இப்போதோ ஊசியும் பொறுமையும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் போராட வேண்டும்.

நூல் முனைகளை வெட்டுவது கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து செய்யும் வேலை என்றே பலரும் நினைக்கிறார்கள். அது அப்படி முடிகிற வேலையே இல்லை. குவில்ட் வேலையின் ஒவ்வொரு கட்டமும் முடியும்போது சில நூல்கள் கைக்கு எட்டாமல் போய்விடுகின்றன. இஸ்திரி போட்டதும் தையல் ஓரத்துக்குள் சில நூல் மடிந்துவிடும். அடுத்த வரிசையைத் தைத்ததும் இன்னும் சில அதில் மாட்டிக்கொள்ளும். அடித்துணி சேர்ந்ததும் மேல்தளத்தின் உள்பக்கமே மூடப்பட்டுவிடும். ஆகவே எந்த நூலை எந்தக் கட்டத்தில் வெட்ட வேண்டும் என்பதை அந்த வேலை வரிசையிலேயே பார்ப்போம்.

முதலில் சொற்கள். தையலுக்கு வெளியே விடும் கால் அங்குலத் துணியை இங்கே ‘தையல் ஓரம்’ என்கிறோம். தைத்து முடித்ததும் தொங்கும் மேல் நூலும், மெஷினின் அடியில் இருக்கும் பாபின் எனும் சிறு உருளையிலிருந்து வரும் நூலும் ‘நூல் வால்’. வெட்டிய துணியின் விளிம்பிலிருந்து தானாக உதிரும் இழை ‘பிசிறு’. நூல் வாலும் பிசிறும் வேறு வேறு. வருகிற காரணமும் வேறு, கையாளும் முறையும் வேறு.

கையில் இருக்க வேண்டியவை

மெஷின் பக்கத்தில் ஒரு நூல் வெட்டும் கத்தரி. விரல் நுழைக்கும் வளையம் இல்லாத, கைக்குள் அமுக்கி வெட்டும் சிறிய வகையே போதும். எடுத்து வைக்க நேரமாகாது என்பதால் அதைத்தான் கை அடிக்கடி தேடும். குவில்ட்டின் மேற்பரப்பில் வெட்டுவதற்கு நுனி மேல்நோக்கி வளைந்த 4 அங்குலக் கத்தரி ஒன்று தனியாக வேண்டும். நேரான கூர்நுனிக் கத்தரியால் துணியை ஒட்டி வெட்டப்போய்த் துணியிலேயே ஓட்டை போடுவதுதான் முடியும் தறுவாயில் நடக்கிற மிகப் பெரிய விபத்து. வளைந்த நுனியைத் துணியின் மேல் சாய்த்து வைத்தால் கூர்ப்பக்கம் துணியைத் தொடாது.

இவற்றோடு தையல் பிரிப்பான், நுனி ஒட்டிப் பிடிக்கும் இடுக்கி, ஒட்டும் உருளை அல்லது காகித டேப், நூல் துணுக்குகளைப் போட மேசை ஓரத்தில் ஒரு பை. இந்தப் பையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தரையில் விழும் நூல் காலில் ஒட்டி, காலிலிருந்து துணிக்கு, துணியிலிருந்து நடுப்பஞ்சுக்கு வந்து சேரும். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். விழுங்கிய நூல் அவற்றின் குடலில் சிக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டிலும் தரையில் நூலும் ஊசியும் கிடக்கக் கூடாது.

வெட்டும்போதே பிசிறைக் குறைப்பது

வட்ட பிளேடை உருட்டி வெட்டும் ரோட்டரி கட்டரின் பிளேடு மழுங்கியிருந்தால் ஆங்காங்கே ஓரிரு இழை வெட்டுப்படாமல் நிற்கும். துண்டைப் பிரிக்கும்போது அந்த இழை இழுபட்டு விளிம்பு நைந்துபோகும். ஒரே கோட்டில் இரண்டு முறை ஓட்டினால்தான் துணி வெட்டுப்படுகிறது என்றால் பிளேடை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

துணியை முதலில் அலசிவிட்டு வெட்டுகிறவர்கள், அலசுவதற்கு முன் நான்கு மூலையிலும் அரை அங்குலத்துக்குச் சிறு முக்கோணமாக வெட்டிவிடுங்கள். மூலையில்தான் பாவு இழையும் ஊடை இழையும் ஒன்றாக அவிழத் தொடங்கும். மூலை சாய்வாக இருந்தால் நீள நீளமாக உதிர்ந்து சிக்காது. மெஷினில் துணியைத் திணிக்காமல் இடம்விட்டுப் போட்டால் உரசலும் குறையும். அலசிய துணிக்கு வெட்டும் முன் ஸ்டார்ச் போடுவது நல்லது. கஞ்சி ஏறிய துணியில் விளிம்பு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். சாய்வாக வெட்டிய முக்கோணத் துண்டுகளும் இழுபடாது. ஸ்டார்ச்சைத் தெளித்தவுடன் இஸ்திரிப் பெட்டியை வைக்காமல் அது துணிக்குள் இறங்கும்வரை பொறுங்கள். இல்லாவிட்டால் மேலேயே காய்ந்து வெள்ளைத் துகளாக உதிரும்.

விளிம்பில் தொங்கும் பிசிறை ஒருபோதும் உருவக் கூடாது. இந்த ஒன்றைக் கைக்குப் பழக்கிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. காரணம் எளிய கணக்கு. அங்குலத்துக்கு 60 இழை உள்ள பருத்தித் துணி என்றால் கால் அங்குலத் தையல் ஓரத்தில் இருப்பவை 15 இழைகள்தான். ஒரு பிசிறைப் பிடித்து இழுத்தால் கூடவே மூன்று நான்கு இழைகள் வந்துவிடும். தையல் ஓரத்தில் கால்வாசி அங்கேயே போய்விட்டது. அந்த இடம்தான் சில சலவைக்குப் பின் வாய் பிளக்கும். பிசிறைத் துணியோடு சேர்த்துப் பிடித்து, விளிம்புக்கு இணையாகக் கத்தரியை வைத்து வெட்டுங்கள்.

வெட்டிய துண்டுகளை அடிக்கடி கலைத்து அடுக்கக் கூடாது. தொடத் தொட உதிரும். பிளாக் (பல துண்டுகள் சேர்ந்து உருவாகும் ஒரு வடிவக் கட்டம்) வாரியாக ஒரு தட்டிலோ அட்டையிலோ படுக்கையாக வைத்து, தைக்கும்போது மட்டும் எடுப்பது சரி.

துண்டு இணைக்கும்போது: வால் உருவாகாமலே தைப்பது

இந்தக் கட்டத்தில்தான் நூல் வால்கள் மிக அதிகமாக உண்டாகின்றன. ஒரு படுக்கை விரிப்பில் எளிதாக ஆயிரம் இணைப்புகள் வரும். ஒவ்வொன்றுக்கும் தொடக்கம், முடிவு என்று இரண்டு முனை, ஒவ்வொரு முனையிலும் மேல் நூல், கீழ் நூல். நாலாயிரம் வால்களை வெட்டுவதைவிட அவை உண்டாகாமல் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

அதற்கு வழி தொடர் தையல். முதலில் 2 அங்குல வெட்டுத் துணுக்கு ஒன்றை இரண்டாக மடித்து அதன்மேல் தையலைத் தொடங்குங்கள். அதை ‘முன்துண்டு’ என்று வைத்துக்கொள்ளலாம். துணுக்கின் முனை வந்ததும் நூலை வெட்டாமல், துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டையும் தூக்காமல், அடுத்து இணைக்க வேண்டிய துண்டுகளின் முதல் ஜோடியை உள்ளே கொடுங்கள். அது முடிந்ததும் காற்றில் இரண்டு மூன்று தையல் ஓடவிட்டு அடுத்த ஜோடி. வரிசை முடிந்ததும் இன்னொரு துணுக்கில் ஏறி நின்றுவிடுங்கள். அது ‘பின்துண்டு’. முன்னால் தைத்தவற்றை அதன் பின்னால் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். அந்தத் துணுக்கு ஃபுட்டுக்கு அடியிலேயே கிடந்து அடுத்த வரிசைக்கு முன்துண்டாகிவிடும்.

இரண்டு ஜோடிகளுக்கு நடுவே ஓடும் நூல் தானாகவே முறுக்கேறியிருக்கும். அதன் நீளம் கால் அங்குலம் போதும். நடுவில் வெட்டினால் இரு பக்கமும் 3 மி.மீ. வால் நிற்கும். அதை மறுபடி வெட்ட வேண்டியதில்லை. இன்னும் ஒட்ட வெட்டினால்தான் ஆபத்து. முதல் தையல் அவிழத் தொடங்கும்.

முன்துண்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. தொடக்கத்தில் நூல் அடியில் சுருண்டு சிக்காவதும், துண்டின் மூலையை ஊசித் துளை உள்ளே இழுத்துக்கொள்வதும் முதல் இரண்டு மூன்று தையலில்தான் நடக்கும். அந்தக் கஷ்டத்தை வீணான துணுக்கே ஏற்றுக்கொள்ளும். அப்படியும் அடிப்பக்கம் நூல் உருண்டை உருண்டையாகச் சேர்ந்தால் பாபினைக் குறை சொல்லாமல் மேல் நூலைப் பாருங்கள். ஃபுட்டை இறக்கிவைத்துக்கொண்டு நூல் கோர்த்திருந்தால் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் நூல் உட்காராது. பிடிப்பே இல்லாத மேல் நூல் முழுவதும் அடியில் போய்ச் சேரும். ஃபுட்டைத் தூக்கி, ஊசியை உச்சத்தில் நிறுத்தி, முதலிலிருந்து கோர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூலையைத் துளை விழுங்குவது ஓயவில்லை என்றால், நேர்த்தையலுக்கான ஒற்றைத் துளைத் தகட்டை மாட்டுங்கள். அதை மாட்டிக்கொண்டு ஜிக்ஜாக் மட்டும் போட்டுவிடாதீர்கள், ஊசி உடையும்.

துணுக்கு இல்லாமல் தொடங்க நேர்ந்தால் இரண்டு நூலையும் 4 அங்குலம் வெளியே எடுத்து, ஃபுட்டுக்குப் பின்னால் விரலால் பிடித்துக்கொண்டு மூன்று தையல் போடுங்கள்.

தையல் நீளம் 2 முதல் 2.5 மி.மீ. 2.5 என்றால் அங்குலத்துக்குப் பத்து தையல் வரும், 2 என்றால் பன்னிரண்டுக்குச் சற்று மேல். பட்டைகளைச் சேர்த்துத் தைத்து, பிறகு குறுக்கே வெட்டப் போகிறீர்கள் என்றால் 2 மி.மீ.க்கு இறக்குங்கள். குறுக்கே வெட்டும்போது தையலும் வெட்டுப்படும். தையல் நெருக்கமாக இருந்தால்தான் வெட்டிய முனை அவிழாமல் தாங்கும். இணைப்புத் தையலில் ரிவர்ஸ் தேவையில்லை. அடுத்து வரும் தையல் குறுக்கே ஓடி முதல் தையலைப் பூட்டிவிடும். ரிவர்ஸ் போட்டால் அந்த இடம் தடிக்கும், தப்பாகிப் பிரிக்க நேர்ந்தால் அவதியும் கூடும். இதற்கு இரண்டு விதிவிலக்குகள்: மூன்று தையல்கள் ஒரு புள்ளியில் கூடும் உள்மூலை, மேல்தளத்தின் வெளி விளிம்பில் முடியும் தையல். அங்கே இரண்டு மூன்று தையல் பின்னோக்கிப் போடலாம்.

இணைப்புக்கு 50 எண் பருத்தி நூல் ஏற்றது. மெல்லியது, மடிப்பில் தடிமன் சேர்க்காது. வெளிர் துணியும் கருந்துணியும் கலந்த பிளாக்கில் கறுப்பு நூலைவிட நடுச்சாம்பல் நூல் நல்லது. எங்காவது ஒரு வால் தப்பித்து வெள்ளைக்கு அடியில் போனாலும் அவ்வளவாகத் தெரியாது. ஊசி 80/12 அல்லது 75/11. எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு முறை ஊசி மாற்றும் பழக்கம் வேண்டும். மழுங்கிய ஊசி இழையைக் குத்தி விலக்காமல் அறுத்துத் தள்ளுவதால் அதுவும் பிசிறை உண்டாக்கும்.

இஸ்திரிக்கு முன்

வெட்டு, பிறகு இஸ்திரி. இந்த வரிசை மாறவே கூடாது. அடியில் கிடக்கும் நூல் சூட்டிலும் அழுத்தத்திலும் துணியில் தடமாகப் பதியும். தையல் ஓரத்துக்குள் மடிந்தும் போகும்.

தைத்த ஜோடியைப் பிரிக்காமல் அப்படியே தையல்மேல் ஒரு முறை சூடு வையுங்கள். தையல் துணிக்குள் படியும். பிறகு விரித்து, தையல் ஓரத்தைக் கருந்துணிப் பக்கம் சாயுங்கள். வெளிர்ப் பக்கம் சாய்த்தால் கருந்துணியின் விளிம்பு நிழலாகத் தெரியும். தவிர்க்க முடியாமல் வெளிர்ப் பக்கம் சாய்க்க நேர்ந்தால் கருந்துணியின் ஓரத்தை மட்டும் 1.5 மி.மீ. குறைத்து வெட்டுங்கள். வெளிர் ஓரம் அதை மூடிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் விளிம்பு நைந்து பிசிறு கூடும், துண்டும் கோணிவிடும்.

அரைச்சதுர முக்கோணங்களை (சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டியவை) இணைத்தபின் மூலையில் துருத்தும் சிறு காது போன்ற முனைகளையும் இப்போதே வெட்டிவிடுங்கள். விட்டால் அடுத்த இணைப்பில் மடங்கி மூலை தடிக்கும்.

பிரித்துத் தைத்த இடங்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தையல் பிரிக்கும்போது ஒரு பக்கம் நான்கைந்து தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போய், மறுபக்க நூலை ஒரே இழுப்பில் உருவி எடுங்கள். முதல் பக்கத்தில் குட்டிக் குட்டி நூல் துணுக்குகள் வரிசையாக நிற்கும். அவற்றை விரலால் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டாம். காகித டேப்பை ஒட்டி உரித்தால் வந்துவிடும். வராமல் நிற்பதை இடுக்கியால் எடுங்கள். அந்தத் துணுக்குகளோடு மறுபடி தைத்தால் அவை புதுத் தையலில் பிணைந்து நல்ல பக்கம் எட்டிப் பார்க்கும்.

மேல்தளம் முடிந்ததும்: கடைசி வாய்ப்பு

அடித்துணி சேர்க்கும் முன் மேல்தளத்தைக் கவிழ்த்துப் போட்டு ஒரு முழுச் சோதனை செய்ய வேண்டும். அலுப்பாக இருக்கும். ஆனால் மொத்த வேலையில் இந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக எதுவும் இல்லை. ஓரத்திலிருந்து வரிசை வரிசையாகப் போங்கள். கண்ணுக்குப் பட்டதை மட்டும் எடுத்தால் நிறைய விட்டுப்போகும். ஒவ்வொரு தையல் ஓரத்தையும் விரலால் தடவி, நீண்ட வால்களை 3 முதல் 6 மி.மீ. வரை குறைத்து, பிசிறை வெட்டி, வெட்டியதை உடனே பையில் போட்டு, அந்த வரிசையில் ஒட்டும் உருளையை ஓட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

பிறகு மேல்தளத்தை வெளிச்சம் வரும் ஜன்னலுக்கு முன் நல்ல பக்கம் நம்மைப் பார்க்கும்படி பிடியுங்கள். பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது, வெள்ளைத் துண்டுகளுக்கு அடியில் கிடக்கும் ஒவ்வொரு நூலும் கோடு போட்டது போலத் தெரியும். கருந்துண்டுகளுக்கு அடியில் இருப்பது தெரியாது. அதைப் பற்றிக் கவலையும் வேண்டாம். வெளிர்ப் பகுதியில் சிரத்தை காட்டினால் போதும்.

அடுத்து, மேல்தளத்தின் நான்கு விளிம்பிலும் ஓரத்திலிருந்து அரைக்கால் அங்குலம், அதாவது 3 மி.மீ. உள்ளே ஒரு நேர்த்தையல் ஓட்டுங்கள். விளிம்பில் முடியும் இணைப்புகளைக் குறுக்கே பூட்ட வேறு தையல் இல்லை. இழுத்துப் பரப்பும்போது அவைதான் அவிழும். இந்தத் தையல் அவற்றைக் காக்கும். விளிம்புப் பிசிறையும் தடுக்கும். பிறகு, குவில்ட்டின் ஓரத்தை மூடித் தைக்கும் பட்டையான பைண்டிங்குக்குள் மறைந்துவிடும்.

அடித்துணியின் உள்பக்கத்தையும் இதே போலப் பாருங்கள். நடுப்பஞ்சின்மேல் மட்டும் ஒட்டும் உருளையை ஓட்டாதீர்கள், பஞ்சே பிய்ந்து வரும். அதில் ஒட்டியிருக்கும் நூலை இடுக்கியால் எடுங்கள். மூன்று அடுக்கையும் நூலால் தற்காலிகமாகத் தைத்துப் பிடிப்பவர்கள் வெளிர் நிற நூலே எடுங்கள், மூன்று அடுக்கையும் நிரந்தரமாகச் சேர்க்கும் குவில்ட் தையலின் கோடு வரும் இடத்தைத் தவிர்த்து ஓட்டுங்கள். குவில்ட் தையல் அந்த நூலைக் குத்திக்கொண்டு போனால் உருவும்போது துண்டாகி, துணுக்கு உள்ளேயே நிற்கும்.

குவில்ட் தைக்கும்போது

இங்கே நூல் வால் வேறு மாதிரிப் பிரச்சினை. இணைப்புத் தையலின் வால் உள்ளே மறைந்துவிடும். குவில்ட் தையலோ இரண்டு பக்கமும் வெளியே தெரிகிறது. குறுக்கே பூட்ட இன்னொரு தையலும் வராது. வெறுமனே வெட்டிவிட்டால் சில சலவையில் அவிழும்.

ஆகவே கோடுகளைத் திட்டமிடும்போதே முடிந்தவரை அவை மேல்தளத்துக்கு வெளியே, ஓரத்து நடுப்பஞ்சில் தொடங்கி எதிர் ஓரத்து நடுப்பஞ்சில் முடியும்படி வையுங்கள். இதற்காகத்தான் நடுப்பஞ்சையும் அடித்துணியையும் நான்கு பக்கமும் 2 முதல் 4 அங்குலம் கூடுதலாக விடுவது. அந்த முனைகள் பைண்டிங்குக்கு முன் ஓரத்தோடு வெட்டுப்பட்டுப் போய்விடும், பைண்டிங் தையலே அவற்றைப் பூட்டிவிடும்.

நடுவில் தொடங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதல் வேலை பாபின் நூலை மேலே கொண்டுவருவது. மேல் நூலைக் கையில் பிடித்துக்கொண்டு, ஃபுட்டை இறக்கி, ஊசியை ஒரு முறை கீழே விட்டு மேலே எடுங்கள். மேல் நூலை இழுத்தால் பாபின் நூல் வளையமாக மேலே வரும். அதை முழுவதும் வெளியே எடுத்து, இரண்டு வாலையும் ஓரமாகப் பிடித்தபடி தையுங்கள். இதை விட்டால் பாபின் வால் அடியில் கிடந்து முதல் அங்குலத் தையலில் மாட்டிக்கொள்ளும். அடித்துணியில் அது புழு நெளிவது போலத் தெரியும்.

வாலைப் பூட்ட இரண்டு வழிகள். அன்றாடம் போர்த்தி, அடிக்கடி சலவைக்குப் போகும் குவில்ட்டுக்குக் குறுந்தையல் போதும். தையல் நீளத்தை அரை மி.மீ.க்கு இறக்கி ஆறு முதல் எட்டு தையல், பிறகு வழக்கமான 2.5 அல்லது 3 மி.மீ.; முடிவிலும் அப்படியே. வாலை வளைந்த கத்தரியால் ஒட்ட வெட்டலாம். ரிவர்ஸ் பட்டன் வேண்டாம், அந்த இடம் முடிச்சு போலப் புடைக்கும்.

துணிக்கும் நூலுக்கும் நிற வேறுபாடு அதிகமாக இருந்தால் அந்தக் குறுந்தையலும் பொட்டுப் போலத் தெரியும். அப்போது வாலை உள்ளே புதைப்பதுதான் அழகு:

1. தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு நூலையும் 6 அங்குலம் விட்டு வெட்டுங்கள். தானியங்கி வெட்டு பட்டனை அழுத்தாதீர்கள், அது விடும் வால் மிகக் குட்டை.
2. முடிவு முனையிலும் பாபின் நூலை மேலே எடுத்துக்கொள்ளுங்கள்.
3. இரண்டு நூலையும் சேர்த்து ஒரு முடிச்சு. அது துணியை ஒட்டி உட்காரக் கூடாது, 3 முதல் 6 மி.மீ. மேலே நிற்க வேண்டும். முடிச்சு இறுகும் முன் அதற்குள் ஒரு ஊசியை நுழைத்து, வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, பிறகு இறுக்குங்கள்.
4. இரண்டு வாலையும் ஊசியில் கோர்த்து, கடைசித் தையல் வெளியே வந்த அதே துளையில் குத்துங்கள். அடித்துணியைத் தொடாமல் நடுப்பஞ்சுக்குள்ளேயே ஒன்று ஒன்றரை அங்குலம் ஓட்டி வெளியே எடுங்கள்.
5. மெல்லச் சுண்டி இழுங்கள். முடிச்சு ‘டப்’ என்று உள்ளே போகும்.
6. நூலைச் சற்று இழுத்துப் பிடித்தபடி துணியை ஒட்டி வெட்டுங்கள். விட்டதும் முனை உள்ளே பின்வாங்கிவிடும்.

நான்காவது படியில் ஊசி எந்தத் திசையில் போகிறது என்பது முக்கியம். கருநூலை வெள்ளைத் துண்டுக்கு அடியில் ஓட்டினால் இத்தனை நேரம் எதைத் தவிர்த்தோமோ அதையே நாமே செய்ததாகிவிடும். கருந்துண்டின் பக்கம் திருப்புங்கள். அப்படித் திரும்ப இடமில்லை என்றால் குவில்ட் கோட்டுக்கு நேர் அடியிலேயே ஓட்டுங்கள்.

முடிச்சு உள்ளே போக மறுத்தால் பலத்தைக் கூட்ட வேண்டாம், நூல் அறுந்துவிடும். துளைக்கு மேல் துணியை நகத்தால் இருபுறமும் வருடினால் இழைகள் விலகி வழிவிடும். உள்ளே போன முடிச்சு மறுபக்கம் வெளியே வந்துவிட்டால் முடிச்சு சிறியது, அல்லது இழுத்த வேகம் அதிகம்.

கோர்ப்பதற்கு, காதில் பிளவு உள்ள தானே கோர்க்கும் ஊசி நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் மின்னும் உலோக நூலையும் தளர்முறுக்கு நூலையும் அந்தப் பிளவு கிழித்துவிடும். அவற்றுக்கு, சாதாரண ஊசியில் ஒரு மெல்லிய நூலை மடித்து வளையமாகக் கோர்த்து, அந்த வளையத்துக்குள் வால்களை விட்டு இழுத்துச் செல்லலாம். வால் ஓர் அங்குலம்தான் இருக்கிறது என்றால், வெறும் ஊசியை முதலில் துணிக்குள் ஓட்டி, காதுப் பகுதி மட்டும் வெளியே நிற்கும் நிலையில் வாலைக் கோர்த்து, பிறகு ஊசியை இழுத்துக்கொள்ளுங்கள்.

புதைக்கும் வேலையைக் கடைசிக்குச் சேர்த்துவைக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு முனை சேர்ந்ததும் நிறுத்திப் புதைத்துவிட வேண்டும். தொங்கும் வால்கள் ஃபுட்டில் சுற்றும். அடியில் கிடக்கும் வால்மேல் அடுத்த கோடு ஏறித் தைத்துவிட்டால் அதை எடுக்க அந்தக் கோட்டையே பிரிக்க வேண்டிவரும்.

கோட்டின் நடுவில் பாபின் தீர்ந்தாலோ நூல் அறுந்தாலோ, இரண்டு மூன்று அங்குலம் பின்னோக்கிப் பிரித்து, கோர்க்கப் போதுமான வாலை உண்டாக்கிக்கொள்ளுங்கள். பிரித்த இடத்தின் கடைசித் துளையிலேயே ஊசியை இறக்கிப் புதுத் தையலைத் தொடங்கி, பழைய வால், புது வால் இரண்டையும் புதையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தைப்பது வேகமான வழிதான். ஆனால் அந்த அரை அங்குலம் தடித்த கோடாகக் காலம் முழுவதும் தெரியும்.

கையால் குவில்ட் போடுகிறவர்களுக்கும் இதே முறைதான். நூல் 18 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நீளமான நூல் ஒவ்வொரு தையலிலும் துணியை உரசி நைந்து, முடியும் முன்பே பிசிறு தட்டும். ஊசியைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றி இழுத்தால் வரும் சிறு முடிச்சை மேல்தளத்துக்குள் இழுத்துப் புதைத்துத் தொடங்குங்கள். முடிக்கும்போது துணியிலிருந்து ஒரு தையல் நீளம் தள்ளி முடிச்சுப் போட்டு அதையும் உள்ளே இழுத்து, ஓர் அங்குலம் ஓட்டி வெட்டுங்கள்.

தைத்து முடித்த பரப்பில் நடுப்பஞ்சின் மெல்லிய இழைகள் முடிபோல எட்டிப் பார்த்தால் அதை இழுக்க வேண்டாம். ஒன்றை இழுத்தால் பஞ்சு தொடர்ந்து வரும். மேற்பரப்போடு வெட்டிவிட்டு ஊசியை மாற்றுங்கள். மழுங்கிய ஊசியோ நெசவு தளர்ந்த துணியோதான் இதற்குப் பெரும்பாலும் காரணம்.

பாபின் மாற்றும் ஒவ்வொரு முறையும், அல்லது இரண்டுக்கு ஒரு முறையாவது, பாபின் அறையைத் திறந்து பஞ்சுத் தூசியைப் பிரஷ்ஷால் எடுங்கள். ஊதித் தள்ளாதீர்கள், தூசி மெஷினுக்குள் இன்னும் ஆழமாகப் போகும்.

மூடிய பிறகு கண்ணில் படும் நூல்

எவ்வளவு கவனித்தாலும் ஒன்றிரண்டு தப்பிவிடும். வெள்ளைத் துண்டுக்கு அடியில் கருநூல் தெரிந்தால் தையலைப் பிரிக்கும் முன் இதை முயன்று பாருங்கள். நுண்ணிய ஊசியின் நுனியைத் துணி இழைகளுக்கு இடையே நுழைத்து, நூலை மெல்ல மெல்லத் தள்ளிப் பக்கத்துக் கருந்துண்டுக்கு அடியில் ஒதுக்கலாம். தள்ள முடியாத இடத்தில் இருந்தால் மிக மெல்லிய குரோஷே ஊசியை இழைகளை விலக்கி உள்ளே விட்டு, நூலைக் கொக்கியில் மாட்டி மேலே எடுத்து, இடுக்கியால் பிடித்து உருவிவிடுங்கள். முழுதாக வரவில்லை என்றால் இழுத்துப் பிடித்து ஒட்ட வெட்டுங்கள். விலகிய இழைகளை நகத்தால் வருடி, லேசாக நீர் தொட்டால் துளை மூடிக்கொள்ளும்.

பைண்டிங்

ஓரத்தை நேராக வெட்டியதும் விளிம்பைச் சுற்றி ஒரு முறை பாருங்கள். வெட்டுப்பட்ட குவில்ட் நூல்கள் நீட்டிக்கொண்டிருந்தால் இப்போதே எடுங்கள். விட்டால் பைண்டிங் மடிப்புக்கு வெளியே முளைக்கும். பைண்டிங் பட்டைகளைச் சாய்வுத் தையலில் இணைத்து, கால் அங்குலம் விட்டு மீதியை வெட்டி, துருத்தும் காதுகளை நறுக்கி, தையல் ஓரத்தை இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள். தைக்கத் தொடங்கும்போது 8 முதல் 10 அங்குலம் பட்டையைத் தொங்கவிட வேண்டும், முனைகளைச் சேர்க்க அவ்வளவு இடம் தேவைப்படும்.

அடிப்பக்கத்தைக் கையால் தைக்கும்போது முடிச்சைப் பைண்டிங்குக்கு அடியில் மறையுங்கள். நூல் தீரும்போது மடிப்பின் ஓரத்தில் ஒரே இடத்தில் இரண்டு சிறு தையல், இரண்டாவதன் வளையத்துக்குள் ஊசியை விட்டு இறுக்கி, பைண்டிங்கின் உட்கூட்டில் ஓர் அங்குலம் ஓட்டி வெட்டினால் முடிந்தது.

முதல் சலவைக்குப் பின்

முதல் முறை நனைந்து காய்ந்ததும் குவில்ட் சற்றுச் சுருங்கும், சில முனைகள் மேலே வரும். அவற்றில் மூன்று வகை உண்டு. கத்தரியை எடுக்கும் முன் எந்த வகை என்று பார்த்துவிடுங்கள்.

ஒற்றை நூல் முனை நீட்டிக்கொண்டிருந்தால் அது புதைத்த வாலின் நுனி. 1 செ.மீ.க்கு மேல் இருந்தால், வெறும் ஊசியை முதலில் ஓட்டும் முறையில் மறுபடி புதையுங்கள். குறைவாக இருந்தால் ஒட்ட வெட்டிவிடலாம். வளையமாக நிற்கிறது என்றால் அது எதிலோ மாட்டி இழுபட்ட குவில்ட் தையல். அதை வெட்டவே கூடாது, வெட்டினால் இரு பக்கமும் அவிழும். பக்கத்துத் தையல்களை ஊசி நுனியால் ஒவ்வொன்றாகத் தூக்கி, மிகுந்த நூலை அவற்றுக்குள் பகிர்ந்து விடுங்கள். அப்படியும் மிஞ்சினால் வளையத்தை ஊசியால் நடுப்பஞ்சுக்குள் இழுத்துவிடுங்கள்.

இரண்டு துண்டுகள் சேரும் கோட்டிலிருந்து துணியின் நிறத்திலேயே இழைகள் கற்றையாக வந்தால் அது நூல் வாலே இல்லை. உள்ளே தையல் ஓரம் நைந்து இணைப்பு திறக்கிறது என்று பொருள். இழைகளை வெட்டி ஒதுக்கிவிட்டு அடுத்த சலவைக்குக் காத்திருந்தால் ஓட்டை பெரிதாகும். அன்றே, நிறம் பொருந்தும் நூலால் இரு பக்க மடிப்பையும் மாறி மாறிப் பிடித்து ஏணிப் படி போன்ற மறைதையல் போடுங்கள். திறந்த இடத்துக்கு அரை அங்குலம் முன்னால் தொடங்கி அரை அங்குலம் தாண்டி முடியுங்கள். தையல் ஓரம் மிகவும் நைந்து பிடிக்க இடமில்லாமல் போயிருந்தால், அதே துணியில் ஒரு சிறு துண்டை விளிம்பு உள்ளே மடித்து அதன்மேல் வைத்துத் தைப்பதே நிலைக்கும்.